கோலத்துக்குப் பொருள் கேட்டோமா?

(பெரும்பாக்கத்தில் நடைபெற்றுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: 'நவீன ஓவியத்தை ரசிக்க முதலில் வேண்டியது கண்ணா? கல்வியா?' 'கண்ணே!' என்ற அணியில் நிறைவாகப் பேசியது.)

நடுவர் அவர்களே! எதிரணியில் கல்வியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அருமை நண்பர்களே! என் அணித் தோழர்களே! பெரும்பாக்கத்துப் பெரியவர்களே, தாய்மார்களே! முன்னாலே தரையில் உட்கார்ந்து எங்களையே பொம்மை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளே!

எனக்கு இன்றைக்கு ஒரு சங்கடம். நடுவர் என்னைக் கூப்பிடும்போது 'முனைவர்' என்பதை ஒரு அழுத்து அழுத்திக் கூப்பிட்டார். முப்பது வருஷமாகக் கல்லூரியில் தமிழ்ப் பாடம் நடத்துகிறவன் நான். இதுவோ செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்துக்கு 2022-ல் புதுக் கட்டடம் திறந்த ஊர். இந்த ஊர் மேடையில் ஏறி நின்று, 'கல்வி அப்புறம், கண்தான் முதல்' என்று பேச வந்திருக்கிறேன். நாளைக்கு அந்த வாசல் பக்கம் போனால் என்னை உள்ளே விடுவாங்களோ மாட்டாங்களோ! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "என் பேரன் சுவத்துல கிறுக்குனா முதுகுல ரெண்டு விழுது. அதையே பெரிய ஆள் கிறுக்குனா சட்டம் போட்டு மாட்டி லட்ச ரூபாங்கிறான்" என்றார். நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். அடுத்து வந்த அம்மையார், "ஐரோப்பிய ஓவிய வரலாறு தெரியாமப் போய் நின்னா தலையும் புரியாது, வாலும் புரியாது" என்றார். அதற்கும் கை தட்டினீங்க. நடுவர் அவர்களே, இந்த இரண்டு பேரும் ஒரே அணி! ஒருத்தர் அது வெறும் கிறுக்கல் என்கிறார். இன்னொருத்தர் அது பெரிய படிப்பு என்கிறார். முதலில் அவங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரட்டும்! (கைதட்டல்)

நான் இங்கே இருக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன். இன்றைக்குக் காலையில் வாசலில் கோலம் போட்டவங்க கை தூக்குங்க. பார்த்தீங்களா! அதில் சிக்குக் கோலம் போட்டவங்க எத்தனை பேர்? சரி. புள்ளி வைத்து, அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுற்றிக் கோட்டை இழுத்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டு வந்து சேர்த்தீங்களே, அது என்ன பூவா, காயா, மாடா, மனுஷனா? ஒன்றும் இல்லை. வளைவு. வெறும் வளைவு. தெருவில் போகிற எவராவது நின்று, 'ஏம்மா, இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டதுண்டா? கேட்டால், 'பாவம், வெயில் ஜாஸ்தி' என்று மோர் கொடுத்து அனுப்பியிருப்பீங்க! (சிரிப்பு)

ஆனால் பக்கத்து வீட்டு அம்மா நின்று பார்த்துவிட்டு என்ன சொல்வாங்க? "கோடு நடுங்காம வந்திருக்கு. அந்த மூலைதான் கொஞ்சம் இடிக்குது." நடுவர் அவர்களே, இதற்குப் பெயர்தான் கலை விமர்சனம்! உருவம் இல்லாத ஒன்றைப் பார்த்து, இது நல்லா வந்திருக்கு, இது நல்லா வரலை என்று சொல்கிற கண் நம்ம வீட்டு வாசலிலேயே பழகின கண்.

கல்யாண வீட்டில் நாகசுரக்காரர் தோடியை எடுத்து ஆலாபனை பண்றார். ஒரு வார்த்தை கிடையாது. நாம தலையை ஆட்டுகிறோம். யாராவது எழுந்து, 'தோடிக்குப் பொழிப்புரை என்னங்க?' என்று கேட்டோமா?

கோயிலுக்குப் போகிறோம். நடராசருக்கு நாலு கை. நாலு கை உள்ள ஆளைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் பார்த்திருக்கீங்களா? மாமல்லபுரம் போகிறோம், யாளி இருக்கிறது. பக்கத்திலேதான் வண்டலூர். அங்கே எந்தக் கூண்டிலாவது யாளி உண்டா? இல்லை. இருந்தும், 'சிற்பிக்கு உடம்பு செய்யத் தெரியலை' என்று நாம சொல்லவில்லையே! கும்பிட்டோம். இருப்பதை இருக்கிற மாதிரியே காட்டுவதுதான் கலை என்று நம்ம பாட்டன் பூட்டன் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்படியானால் 'படம் என்றால் போட்டோ மாதிரி இருக்கணும்' என்கிற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? ரவி வர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் கலர் படமாக வீடு வீடாக வந்தார்கள். அதைப் பார்த்துக் காலண்டர் வந்தது, தீப்பெட்டிப் படம் வந்தது. அது தப்பில்லை, நல்ல காரியம். ஆனால் அதுதான் ஓவியம், மற்றதெல்லாம் கிறுக்கல் என்று நாம முடிவு கட்டிக்கொண்டோம். வேடிக்கை என்னவென்றால், பிரான்சு தேசத்தில் 1839-லேயே புகைப்பட முறையை அறிவித்துவிட்டார்கள். அச்சு அசலாக முகத்தைப் பிடிக்க ஒரு பெட்டி வந்துவிட்டது. ஓவியன் யோசித்தான். 'பெட்டி செய்கிற வேலையை நான் ஏன் செய்யணும்? பெட்டியால் செய்ய முடியாததை நான் செய்கிறேன்.' நவீன ஓவியம் பிறந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இது எங்கேயோ பாரிசு பட்டணத்துக் கதை என்று நினைக்காதீங்க. நம்ம சென்னையிலேயே நடந்த கதை இருக்கிறது.

மெரினாவில் உழைப்பாளர் சிலை பார்த்திருப்பீங்க. நாலு பேர் பாறையை நெம்புகிற சிலை. நரம்பு தெரியும், மூச்சு வாங்குவது தெரியும். யாருக்கும் உரை வேண்டாம். அதைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வர் அவர். 1929-ல் பொறுப்பேற்று 1957 வரைக்கும் இருந்தார். அவருக்குப் பின்னாலே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், அவரிடமே படித்த மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர். உழைப்பாளர் சிலை திறந்தது 1959-ல். நாலே வருஷம் கழித்து, 1963-ல், பணிக்கர் ஒரு ஓவிய வரிசையை ஆரம்பிக்கிறார். பெயர், 'சொற்களும் குறியீடுகளும்'. அதில் ஆள் முக்கியம் இல்லை, பாறை முக்கியம் இல்லை. ஜாதகக் கட்டம் மாதிரி கட்டம். கணக்கு நோட்டு மாதிரி எண்ணும் கோடும். மலையாள எழுத்து மாதிரி பொடிப்பொடியாக எழுத்து. ஆனால் படிக்க முடியாது! எழுத்து மாதிரி இருக்கும், எழுத்தாக இருக்காது.

அந்த பணிக்கர் 1966-ல் தம்முடைய மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 'சோழமண்டலம் ஓவியர் கிராமம்' என்று ஒரு ஊரையே உண்டாக்கினார். அப்போது அது மணல்காடு. நிலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இந்த ஓவியர்கள் துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் வேலை செய்தார்கள், கைவினைப் பொருள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து மனை வாங்கிக் குடிசை போட்டார்கள். எதிரணித் தலைவர் 'ஏமாத்து வேலை' என்றாரே, ஏமாற்றுகிறவன் சாயத் தொட்டியில் கை நனைத்துச் சம்பாதித்து மணல்காட்டில் குடியிருப்பானா? நடுவர் யோசிக்கணும். (கைதட்டல்)

இப்போது நான் என் கதைக்கு வருகிறேன். இது கை தட்டுவதற்கான கதை இல்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னாலே, வேலையில் சேர்ந்த புதுசு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சுற்றுலா போனோம். வழியில் சோழமண்டலத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே பணிக்கருடைய அந்தப் படிக்க முடியாத எழுத்து ஓவியம் ஒன்று. எனக்கு அப்போது ஓவியம் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது! வாத்தியார் அல்லவா? பிள்ளைகள் என் வாயைப் பார்க்கிறாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தமிழ் வாத்தியார் எனக்கே படிக்க வரலையே, இது என்ன டாக்டர் எழுதின மருந்துச் சீட்டா?" என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, தன் நோட்டில் அந்தப் படத்தைப் பார்த்துப் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். எல்லாரும் சிரித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நோட்டை மூடினாள். பைக்குள் வைத்தாள். அந்தப் பெண் பாட நோட்டின் ஓரத்தில் எப்போதும் ஏதாவது வரைந்து வைத்திருப்பாள். அதற்கப்புறம் அவள் கொடுத்த நோட்டில் எல்லாம் ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

அதை நான் அப்போது கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

போன மாசம் இந்தத் தலைப்பைக் கொடுத்தார்கள். சரி, பேசுவதற்கு முன்னாலே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று என் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெரும்பாக்கத்திலிருந்து என்ன தூரம்? சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி, கால்வாய்ப் பாலம் ஏறி இறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடது பக்கம் திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். அங்கே 2009-லிருந்து சென்னை ஓவிய இயக்கத்துக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே தோட்டத்தில் சிற்பங்கள்.

மறுபடியும் பணிக்கர் ஓவியம். இந்த முறை நான் நாலு புத்தகம் படித்துவிட்டுப் போயிருக்கேன். வீட்டம்மாவுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன். 1963, மாணவனுடைய கணக்கு நோட்டு, ஜாதகம் என்று ஆரம்பிச்சதும் அவள் சொன்னாள்: "ஏங்க, கொஞ்சம் பேசாம இருங்க. நான் பார்க்கணும்." (சிரிப்பு) முப்பது வருஷத்தில் யாரும் என்னை இப்படிச் சொன்னதில்லை. அவள் வீட்டில் தினமும் சொல்வாள், அது வேற கணக்கு! (சிரிப்பு)

நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். கிட்டே போனாள், தள்ளி வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"எங்க அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதுங்க. கடுதாசி வந்தா வாங்கித் தடவித் தடவிப் பார்ப்பாங்க. யாராவது வந்து படிச்சுச் சொல்ற வரைக்கும் கையிலேயே வச்சிருப்பாங்க. அவங்களுக்கு எல்லா எழுத்தும் இப்படித்தானே தெரிஞ்சிருக்கும்?"

நடுவர் அவர்களே, எழுத்தைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். எழுத்துத் தெரியாதவங்க கண்ணுக்கு எழுத்து எப்படி இருக்கும் என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்ததில்லை. படிக்க முடியாத அந்த ஓவியம் என் மாமியாரை என் முன்னாலே கொண்டு வந்து நிறுத்தியது. (கைதட்டல்)

இதைத்தான் பணிக்கர் நினைத்து வரைந்தாரா? அதை நான் சொல்லவில்லை. இந்தச் சமாச்சாரம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் அவள் படத்தில் இல்லாததைச் சொல்லவில்லை. 'எழுத்து மாதிரி இருக்கு, படிக்க முடியலை' என்று கண் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து அவள் வாழ்க்கைக்கு ஒரு பாலம் போட்டுக்கொண்டாள். நான் என்ன பண்ணினேன்? அதே 'படிக்க முடியலை'யை வைத்துக்கொண்டு கேலி பண்ணினேன்.

எதிரணி அம்மையாருக்கு ஒரு வார்த்தை. அம்மா, கல்வி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் எது என்றுதான் தலைப்பு. பிக்காசோ 1937-ல் 'குவெர்னிக்கா' வரைந்தார். ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலம். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு வண்ணம் இல்லை. உடம்பெல்லாம் துண்டு துண்டு. அலறுகிற குதிரை. செத்த குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மேலே பார்த்துக் கதறுகிற தாய். அந்தத் தாயைப் புரிந்துகொள்ள ஸ்பெயின் சரித்திரம் வேணுமா? பெற்றவள் எவளுக்கும் பார்த்தவுடனே தெரியும். அப்புறம் படிக்கிறோம். அந்த வருஷம் ஏப்ரல் 26-ல் அந்த ஊர் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டன என்று தெரிகிறது. ஓகோ, அதனால்தான் உருவம் சிதறியிருக்கிறதா என்று இன்னும் ஆழமாக இறங்குகிறது. கண் திறந்து விட்ட கதவு வழியாகக் கல்வி உள்ளே வருகிறது. கதவே திறக்கவில்லை என்றால் கல்வி திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கும்!

சரி, புதுசாகப் பார்க்கப் போகிறவங்க என்ன செய்யணும்? மூணே வார்த்தை சொல்கிறேன். பிள்ளைகள் மனசில் வச்சுக்கோங்க. நில்லுங்க, நகருங்க, நினைங்க.

முதலில் நில்லுங்க. பக்கத்தில் ஒட்டியிருக்கிற சீட்டைப் படிக்காதீங்க. ஒரு ஓவியத்துக்கு ஐந்து நிமிஷம் கொடுங்க. பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நிற்கிறோமே! 'இது என்ன?' என்று கேட்காதீங்க. 'என் கண் முதலில் எங்கே போச்சு? அப்புறம் எங்கே போச்சு? எங்கே போய்த் தங்கிச்சு?' என்று கேளுங்க.

அடுத்தது நகருங்க. கிட்டே போய்க் கோட்டைப் பாருங்க. வேகமான கோடா, தயங்கின கோடா? வண்ணத்தைக் கெட்டியாகப் பூசியிருக்கா, தண்ணி மாதிரி ஓட விட்டிருக்கா? தள்ளி வந்து மொத்தமாகப் பாருங்க. கோலத்தை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி.

மூணாவது நினைங்க. எனக்கு இது எதை ஞாபகப்படுத்துது? அதற்கப்புறம் சீட்டைப் படிங்க. வீட்டுக்கு வந்து படுக்கும்போது எந்த ஓவியம் கண்ணில் நிற்கிறது என்று பாருங்க. நிற்கிறதே, அது உங்க ஓவியம்.

எல்லாம் பிடிக்கணுமா? வேண்டாம்! போடுகிற கோலம் எல்லாம் நல்ல கோலமா? சுமாரான நவீன ஓவியமும் உண்டு, போலியும் உண்டு. பிடிக்கலை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. பார்க்காமலே சொல்லத்தான் உரிமை இல்லை. (கைதட்டல்)

இன்னொரு உண்மை சொல்கிறேன். உங்களில் நிறையப் பேர் நவீன ஓவியத்தை ஏற்கெனவே ரசித்தவங்க. ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதினாரே, அதற்குப் படம் போட்டவர் கே.எம். ஆதிமூலம். 1938-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். அந்தச் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். காந்தி நூற்றாண்டின்போது 1969-ல் காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து கண்காட்சி வைத்தவர். அவர் கோட்டில் கரிசல் காட்டுக் கிழவன் முகம் வெடிப்பு விட்ட நிலம் மாதிரி இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தோம். 'இது நவீன ஓவியம், எனக்குப் புரியாது' என்று யாரும் நம்மிடம் சொல்லவில்லை. அதனால் புரிந்தது!

நடுவர் மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன்.

துரைப்பாக்கம் கண்ணகி நகருக்குப் போயிருந்தேன். நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டு வந்து குடிவைத்த மக்கள் இருக்கிற இடம். இந்தப் பெரும்பாக்கத்திலும் அப்படி வந்தவங்க ஆயிரக்கணக்கில் இருக்கீங்க. அங்கே 2020-ல் ஓவியர்கள் வந்து கட்டடத்துச் சுவர்களில் பிரம்மாண்டமாக வரைந்தார்கள். ஒரு பையனிடம் வழி கேட்டேன். கட்டட நம்பர் சொல்லவில்லை. "அந்தப் பெரிய முகம் போட்ட பில்டிங் தாண்டி வாங்க சார்" என்றான். அவன் எந்த வரலாறும் படிக்கவில்லை. ஓவியம் அவனுக்கு அடையாளமாகிவிட்டது. 'இதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு' என்று யாராவது உங்க பிள்ளையிடம் சொன்னால் நம்பாதீங்க.

ஓவியருக்குப் பழந்தமிழில் ஒரு பெயர் உண்டு. 'கண்ணுள் வினைஞர்.' கண்ணுக்குள்ளே வேலை செய்கிறவர்! நம்ம முன்னோர், ஓவியனுக்கு இடம் கொடுத்தது கண்ணுக்குள்ளே. இந்தச் சொல்லை எத்தனையோ வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் எனக்குத் தெரிந்தது போன மாசம்தான்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு நோட்டை மூடி வைத்த பெண்ணுக்கு இப்போது ஐம்பதை ஒட்டி வயசிருக்கும். எங்கேயோ குடும்பமும் குழந்தையுமாக இருப்பாள். இந்த நிகழ்ச்சியை வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுகூட இருக்கலாம். அம்மா, அன்றைக்கு நீ பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாத்தியார் பார்க்கவில்லை. பார்க்காதவன் பேசி, பார்த்தவள் நோட்டை மூட வைத்துவிட்டேன். என்னை மன்னிச்சிடும்மா. அந்த நோட்டு இன்னும் இருந்தால் எடு. இல்லாவிட்டால் உன் பிள்ளையுடைய நோட்டு ஓரத்தைப் பார். ஏதாவது வரைந்திருந்தால், 'இது என்ன?' என்று அதட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்து, 'இந்தக் கோடு எங்கே போகுது, சொல்லு' என்று கேள்.

கண்ணே முதல் என்று நல்ல தீர்ப்பு தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)